எழுத உட்காரும் முன் மொட்டைமாடிக்குப் போங்கள்

கல்லூரி முதலாண்டில் 'மழைநீர்ச் சேகரிப்பு' என்ற தலைப்பில் விளக்கக் கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒரு குறளோடு ஆரம்பித்து, "நீரைப் போற்றுவோம்" என்று முடித்து, நான்கு பக்கம் கொடுத்தேன். 20க்கு 7. தாளைத் திருப்பித் தரும்போது தமிழ் ஐயா கேட்டார்: "ஏம்மா, உங்க வீட்டு மாடியில பெய்யுற தண்ணி எங்க போகுது?"

"தெரியலைங்க ஐயா."

"தெரியாமலே நாலு பக்கம் எழுதியிருக்கியே!"

வகுப்பே சிரித்தது. அன்று முழுக்க எரிச்சல்தான். ஆனால் விளக்கக் கட்டுரை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தக் கேள்வியில்தான்.

வீட்டுக்கு வந்து, 'வேண்டும்' என்று முடிகிற வாக்கியங்களை எண்ணினேன். 23. அரசு செய்ய வேண்டும், மக்கள் உணர வேண்டும்... மேடையில் பேசியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். படித்தவருக்குப் புதிதாக ஒன்றாவது தெரிந்திருக்குமா என்றால், இல்லை. இந்த வகைக் கட்டுரையில் நாம் யாருக்கும் புத்தி சொல்லப் போவதில்லை. ஒரு பொருள் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, ஏன் அப்படி என்பதைத் தெரியாதவருக்குப் புரியவைக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் தாளிலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் எங்கள் பெரம்பூர் குடியிருப்பின் மொட்டைமாடிக்கு வாட்ச்மேன் அண்ணனோடு போனேன். மாடியில் விழும் மழை குழாய் வழியாக இறங்கி, கீழே ஒரு குழிக்குள் போகிறது. குழியின் அடியில் பெரிய கல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் மணல். தண்ணீர் வடிகட்டப்பட்டு மண்ணுக்குள் இறங்கும். எங்கள் குழாயில் கடைசி எல்போ, அதாவது குழாயை வளைத்துத் திருப்பும் இணைப்பு, உடைந்து, வாய் தெருப்பக்கம் திரும்பியிருந்தது! 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு, எங்கள் வீட்டில் ஓர் எல்போ இல்லாமல் நின்றுபோயிருந்தது.

இதில் எனக்குக் கிடைத்த லாபம், வரிசை. எந்தப் பத்தி முதலில், எது அடுத்து என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை. தண்ணீர் போகும் வழியிலேயே நானும் போனேன்: மாடி, குழாய், குழி, மண், கடைசியில் கிணறு. உங்கள் தலைப்பு தபால் என்றால் கடிதத்தின் பின்னாலும், மீன் சந்தை என்றால் மீன் கூடையின் பின்னாலும் போகலாம்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தாளில் நான் எழுதியது: 'சென்னையில் ஏராளமான மழை பெய்து வீணாகக் கடலில் கலக்கிறது.' ஏராளம் என்றால் எவ்வளவு? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சென்னையில் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. பெருக்கினால் 1,30,000 லிட்டர். இதோடும் நான் நிறுத்தவில்லை. 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 14 லாரி என்று எழுதினேன். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு லட்சத்தைவிட லாரிக் கணக்குதான் சட்டென்று விளங்கும். முழுவதையும் பிடித்துவிட முடியாது, கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் வழியும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். அதை மறைத்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டவர், "மாடியில காக்கா எச்சம், தூசி எல்லாம் கிடக்குமே, அதுவுமா உள்ள போகும்?" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. முதல் மழையைக் குழிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட வேண்டும் என்ற பத்தி அப்படித்தான் வந்தது. அந்தத் துறை தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் குறுக்கே கேட்கிற இடத்தில்தான் கட்டுரையில் ஓட்டை இருக்கிறது.

தேர்வு அறையில் அம்மாவும் கிடையாது, மாடியும் கிடையாது. 40 நிமிடம் இருந்தால் முதல் 7 நிமிடம் கடைசிப் பக்கத்தில் குறிப்பு மட்டும் எழுதுங்கள். மேலே ஐந்து வரி இடம் விட்டுவிட்டு நடுப்பகுதியை முடித்து, அப்புறம் முன்னுரைக்கு வாருங்கள். என்ன எழுதினோம் என்று தெரிந்தபிறகு அது தானாக வரும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் மட்டும் முன்னுரை, முடிவுரை என்று உட்தலைப்பு போட்டே எழுதுங்கள், பள்ளியில் அதை எதிர்பார்ப்பார்கள்.

திருத்தி எழுதிக் கொடுத்ததற்கு 20க்கு 14 வந்தது. எங்கே குறைந்தது என்று பார்த்தால், 'வடிகட்டி' என்பதை ஐந்து இடத்திலும் 'வடிக்கட்டி' என்று எழுதியிருந்தேன். ஐந்திலும் சிவப்பு வட்டம்.