பட்டிக்கு அடியில்: என் 68 ஜி.டி.ஓ. நாட்குறிப்பு

2024 அக்டோபர் 12, சனி

மழை விட்டதும் கராஜ் கதவைத் தூக்கி, வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை உருவினேன். எலிப்புழுக்கை இரண்டு கைப்பிடி தேறும். நாலு டயரும் தரையோடு தரை. 2013-இல் நிறுத்தியது. பதினொரு வருடமாக ‘அடுத்த சம்மர்’ என்று சொல்லியே ஓட்டிவிட்டேன். வண்டியை அல்ல, காலத்தை.

1968 போண்டியாக் ஜி.டி.ஓ., கன்வெர்ட்டிபிள், அதாவது துணிக்கூரையை மடக்கித் திறக்கிற கார். 1988-இல் டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்து, முதல் சம்பளம் வந்த கையோடு 2,600 டாலருக்கு வாங்கினேன். கூட இருந்த நம்மூர்ப் பையன்கள் கரோலாவும் சிவிக்கும் வாங்கிப் பிழைத்துக்கொண்டார்கள். டாஷ்போர்டில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தகட்டில் எண் 242678 என்று தொடங்கி, அடுத்து ஒரு ‘பி’. 242 என்றால் ஜி.டி.ஓ., 67 என்றால் கன்வெர்ட்டிபிள், 8 வருடம், ‘பி’ போண்டியாக் ஊர்த் தொழிற்சாலை. டிராய் நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல். பிறந்த ஊரைவிட்டு அதிக தூரம் போகாத வண்டி. அதற்கும் சேர்த்து நான்தான் தூரம் வந்து ஈடுகட்டிவிட்டேனே.

அந்த வருடம் செய்த 87,684 ஜி.டி.ஓ.க்களில் 9,980 தான் கன்வெர்ட்டிபிள். அதில் எத்தனை மிச்சிகன் உப்பைத் தாண்டி மிஞ்சியிருக்கும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது. டெட்ராய்ட்டுக்கு அடியில் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கமே இருக்கிறது. பனிக்காலத்தில் பனியை உருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவதற்கு இங்கே யாரும் யோசிப்பதில்லை. அந்த உப்பு வண்டியைத் துருவாக்கிவிடும்.

முழுதாகச் செய்துதரக் கடையில் கேட்ட தொகையை இங்கே எழுதினால் மனைவி படித்துவிடுவாள். வீட்டிலேயே செய்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காந்தத்தைத் துணியில் சுற்றி, வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் மெல்ல நகர்த்தினேன். ஒட்டுகிற இடம் தகரம், வழுக்கி விழுகிற இடம் பட்டி, ஓட்டையை மறைக்க அப்பும் பூச்சு. ஒரு சாணுக்கு மேல் விழுந்துகொண்டே இருந்தது. கிரைண்டரை வைத்தால் ரோஸ் நிறத் தூள் கராஜ் முழுக்கப் பறக்கிறது. ஓரிடத்தில் முக்கால் அங்குல கனம். எந்த மடையன் இப்படி அப்பி வைத்தான் என்று வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம்தான் நினைவு வந்தது. 1993, நான்தான்.

பட்டி நிற்க வேண்டுமென்றால் ஓட்டைக்குப் பின்னால் எதையாவது அடைக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து அண்ணி கட்டுக்கட்டாக அனுப்பிவந்த வார இதழ்களில் ஒன்றைக் கிழித்துத் திணித்திருக்கிறேன். நனைந்து காய்ந்து அப்பளமாகப் போன தாள்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் பாதி நன்றாக இருந்தது. நெடுக்காகக் கிழிந்த பக்கம், ஒரு தொடர்கதையின் 23-ஆம் அத்தியாயம். கதாநாயகி ரயிலடியில் நின்று தந்தியைப் பிரிக்கிறாள். பிரித்த இடத்தில் தாள் முடிந்துவிட்டது.

டீ கொண்டுவந்த மனைவி அதை வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

“என்னங்க, தந்தியில என்ன இருந்துச்சு?”

எனக்கு எப்படித் தெரியும்?

இடது பக்கமும் காந்தம் விழுகிறது. ஆனால் பெயின்டில் கொப்புளம் இல்லை. நன்றாக இருப்பதைக் கிளறுவானேன். விட்டுவிட்டேன்.

நவம்பர் 9, சனி

தரை. கார்ப்பெட்டைத் தூக்கினால் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் ஒரு கேக் டிரே, பாப் ரிவெட் அடித்து. இதற்கும் ஆள் தேட வேண்டியதில்லை. “அது என் டிரே” என்றாள் மனைவி. தொண்ணூறுகளில் காணாமல் போனதாம்.

கன்வெர்ட்டிபிளில் தரையை வெட்டுவது சும்மா இல்லை. சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்து உடம்பைத் தாங்கும். இதில் கூரை இல்லை. அதனால்தான் சேசிஸையே, அதாவது அடிச்சட்டத்தையே, நாலு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டமாகச் செய்தார்கள். நிலையான கூரையுள்ள ஹார்ட்டாப்புக்கு ஒரு பக்கம் திறந்த ‘சி’ வடிவம் போதும். தரையும் படியும் துருப்பிடித்தால் உடம்பு நடுவில் தொய்யும், கதவு இடுக்கு மேலே நெருங்கி, கீழே விரியும். எனக்கு மேலே ஒரு நிக்கல் காசு நுழையவில்லை, கீழே சுண்டுவிரல் போகிறது. 93-இல் கதவு சரியாக மூடவில்லை என்று கீலை வளைத்தவன் நான். உண்மையில் செய்ய வேண்டியிருந்தது, உடம்புக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள ரப்பர் மவுன்ட்டுகளில் தகட்டுத் துண்டு வைத்து ஏற்றுவது.

எதிர்வீட்டுப் பெரியவர் போண்டியாக் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, முதலில் இறக்கு என்றார். வண்டி தன் சக்கரத்தில், தன் எடையில் நிற்க வேண்டும். இடுக்கைச் சரிசெய்து, கதவு வாசலுக்குக் குறுக்கே சதுரக் குழாய் பற்றவைத்த பிறகுதான் வெட்டு. இல்லையென்றால் தொய்ந்த நிலையிலேயே புதுத் தரையை வெல்டு பண்ணி, கோணலை நிரந்தரமாக்கிவிடுவேன் என்றார்.

இறக்கினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மவுன்ட் போல்ட்டுகளில் மூன்று கழலவில்லை. உள்ளே கூண்டுக்குள் இருக்கும் நட்டு, கூண்டு துருப்பிடித்துப்போனதால் போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. மேலே தரையில் ஜன்னல் மாதிரி வெட்டி, நட்டைப் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். ஒரு போல்ட்டுக்கு ஒரு மாலை. எழுத வேறு ஒன்றும் இல்லை.

2025 ஜனவரி 18, சனி

வெளியே உறைகுளிர். ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எஞ்சினில் கை வைத்தேன். 400 கன அங்குல வி8, 350 குதிரை. இந்த வண்டி பிறந்த கதையே ஒரு தில்லுமுல்லு. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று போண்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் விதி. போண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் கூட்டம் 1964 மாடலில், ஜி.டி.ஓ.வைத் தனிக் காராகக் காட்டாமல் லெமான்ஸ் காருக்கு ஒரு ‘ஆப்ஷன்’ என்று காட்டி 389 கன அங்குல எஞ்சினை உள்ளே இறக்கிவிட்டது. பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆயில் சட்டியைக் கழற்றிக் கவிழ்த்தேன். அடியில் கறுப்புக் களி. அதற்குள் விரலில் நெருடியது: பழுப்பேறிய சின்னச் சின்னத் துண்டுகள், பால்பல் மாதிரி. எண்ணினேன், பதினேழு. பல்தான், எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் சக்கரப் பல். செயின் சத்தம் கேட்காமல் இருக்க அலுமினியச் சக்கரத்துக்கு நைலான் பல் வைத்தார்கள். சூட்டிலும் வயதிலும் நைலான் மொறுமொறுவென்று ஆகி உடைந்து கொட்டும். கொட்டியது நேராக ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் போய் அடைக்கும். வலையில் பாதி அடைப்பு.

2013-இல் ஆயில் அழுத்தம் குறைவதாக மீட்டர் காட்டியது. நான் மீட்டரை மாற்றினேன். புது மீட்டரும் அதையே சொன்னது. இரண்டுமே மட்டம் என்று வண்டியை மூலையில் நிறுத்தினேன். அந்தக் கோபத்துக்குத்தான் இப்போது நன்றி சொல்ல வேண்டும். இன்னும் நூறு மைல் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். கழற்றிப் பார்த்த பேரிங்கில் கீறல் மட்டும்தான்.

முழு எஃகுச் சக்கரமும் செயினும் ஆர்டர் போட்டாயிற்று.

மே 17, சனி

நிறச் சண்டை. தொழிற்சாலை ரசீதின் நகல்படி வண்டி வெர்டோரோ பச்சை. 94-இல் சிவப்பு அடித்தேன். மனைவிக்கும் மகளுக்கும் இது சிவப்பு வண்டிதான். பச்சை என்றால் “வேற யாரோ வீட்டு வண்டி மாதிரி இருக்கும்” என்கிறார்கள். முன் பம்பரைச் சுரண்டியபோது சிவப்புக்கு அடியில் பச்சை வந்தது. எண்டுரா பம்பர் இரும்பு இல்லை, ரப்பர் மாதிரி வளையும். சுத்தியலால் அடித்துக் காட்டி விளம்பரம் செய்தார்கள். அதன் மேல் சாதாரண பெயின்ட் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும், வளைவு கொடுக்கும் கலவை சேர்க்க வேண்டும். நான் சேர்த்திருக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா.

இப்போதைக்குச் சாம்பல் பிரைமர்.

ஜூன் 28, சனி

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை எல்லா இடத்துக்கும் ஏற்ற வேண்டும். மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியே டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றினேன். பத்து நிமிடம், ஆயில் அழுத்த மீட்டரின் முள் அசையவே இல்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது. போண்டியாக்கில் அது இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். டிரில்லின் பொத்தானை மறுபக்கம் தட்டினேன். பாரம் ஏறி டிரில் உறுமியது, முள் எழுந்து 50-இல் நின்றது.

எஞ்சின் நாலாவது முயற்சியில் பிடித்தது. எதிர்வீட்டுப் பெரியவர் செருப்பு கூடப் போடாமல் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேற்று உட்வர்ட் டிரீம் குரூஸ், பழைய கார்கள் உட்வர்ட் சாலையில் ஊர்வலமாகப் போகும் விழா. ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட 1995-இல் தொடங்கியது, இன்று ஊரே ரோட்டோரம் நாற்காலி போட்டுக்கொள்கிறது. எங்கள் வண்டிக்கு இன்னும் கூரைத் துணி இல்லை, பின் சீட் இல்லை. நாங்களும் நாற்காலிதான். பச்சை ஜி.டி.ஓ. ஒன்று போனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி மட்டும் பார்த்தாள்.

இன்று காலை அவள் அந்தப் பாதிப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அண்ணிக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் அழைப்பு. அண்ணி அந்தத் தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருக்கிறாராம், இன்னும் பீரோவில் இருக்கிறது.

“இருவத்திரெண்டுக்கு அப்புறம் இருவத்திநாலுதாங்க தம்பி. நடுவுல ஒண்ணு எங்க போச்சுன்னு முப்பது வருசமாத் தேடறேன். தவறி உங்களுக்குக் கட்டுன கட்டுல வந்திருக்குது. மீதிப் பாதி எங்கீங்க?”

மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அப்புறம் வண்டியின் இடது பக்கத்தைப் பார்த்தாள்.

அங்கே பிரைமர் அடித்து மூன்று வாரம்தான் ஆகிறது. கிரைண்டர் டிஸ்க் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை ஆறு மணிக்கு மூடுவான், இப்போது ஐந்தே கால்.