பனங்காடையின் நீலமும் ஆல்கஹால் மார்க்கரும்

சாயல்குடியிலிருந்து ஏர்வாடி வழியாகக் கீழக்கரை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனைகளும் சீமைக்கருவேலமும் மாறி மாறி வரும் வெட்டவெளிகளில், மின்கம்பியின் மேல் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பனங்காடையைக் காண்பது அரிதன்று. பட்டுப்போன மொட்டைப் பனையின் பொந்தில் முட்டையிடும் பறவை ஆதலால் இராமநாதபுரம் கரையோரம் அதற்கு ஏற்ற இடமாகவே இருக்கிறது. அமர்ந்திருக்கையில் பழுப்பே மிகுதியாகத் தெரிகிறது. வெட்டுக்கிளியைக் கண்டு தரைக்குப் பாய்கையில், விரிந்த சிறகில் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டைபட்டையாக வெளிப்படுகின்றன. ஆல்கஹால் மார்க்கர் என்னும் வண்ணப் பேனாவால் இப்பறவையை வரைய விரும்புகிறவர் சிறகு விரிந்த நிலையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த நீலத்தைப் பற்றி ஒன்றை அறிந்துகொண்டால் வேலை தெளிவாகும். பனங்காடையின் இறகில் நீல நிறமி கிடையாது. இறகிழைகளுக்குள் கெரட்டின் என்னும் புரதமும் நுண்ணிய காற்றிடைவெளிகளும் கலந்திருக்கும் அமைப்பு, ஒளியின் நீலப் பகுதியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. அப்படிப்பட்ட இறகை ஒளிக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நீலம் மறைந்து பழுப்பே தெரியும். மார்க்கரின் நீலமோ ஆல்கஹாலில் கரைந்த சாயம். அது ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், வெளிச்சம் சாயத்தைக் கடந்து தாளின் வெண்மையில் பட்டுத் திரும்பி வரும்போதுதான் நிறம் துலங்குகிறது. ஆகவே வெளிர்நீலப் பட்டைகள் வரவேண்டிய இடங்களில் சாம்பலோ பழுப்போ அடிப்பூச்சாகக் கூட இருக்கலாகாது. அந்த இடங்களை முதலிலேயே பென்சிலால் மெல்லக் கோடிட்டு, வெளிர்நீலம் பூசும் வரை வெள்ளையாகக் காப்பாற்ற வேண்டும்.

ஆல்கஹால் மார்க்கரைப் பலரும் விரும்புவது, ஈரம் காயுமுன் ஒரு நிறத்தை அடுத்த நிறத்தோடு கோடு தெரியாமல் கலக்கலாம் என்பதற்காக. பனங்காடையின் மார்புக்கு அந்தக் குணம் முழுமையாக உதவுகிறது. தொண்டையில் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பின் மேல் வெண்ணிறக் கீற்றுகள் ஓடும். கீழே வர வர அது வயிற்றின் வெளிர்நீலத்துக்குள் கரையும். மிக வெளிறிய பழுப்பை முதலில் பரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே அதைவிட ஒரு படி ஆழ்ந்ததை ஓரங்களில் வைத்து, மீண்டும் வெளிறியதாலேயே எல்லையைத் தேய்த்துவிட்டால் போதும். கோபிக் போன்ற மார்க்கர்களில் எண்ணின் கடைசி இலக்கம் நிறத்தின் வெளிச்ச அளவைக் குறிப்பதால், ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்த எண்களை எடுப்பது எளிது.

சிறகில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பறப்பிறகுகளின் கருநீலமும் குறுக்கே ஓடும் வெளிர்நீலப் பட்டையும் சந்திக்கும் இடம், பனையோலையை அரிவாளால் நறுக்கியது போல் துல்லியமானது. அங்கே இரண்டையும் ஈரத்தில் சேரவிட்டால் இடைப்பட்ட ஒரு மங்கல் நீலம் உருவாகி, பறவையின் அடையாளமே போய்விடும். வெளிர்நீலத்தை முடித்து நன்றாகக் காயவிட்ட பிறகு, கருநீலத்தைத் தூரிகை முனையால் எல்லைக்கு மயிரிழை முன்பாகவே நிறுத்த வேண்டும். மை தாளுக்குள் சற்றுப் பரவி, மீதி இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். இந்தப் பரவலின் அளவு தாளுக்குத் தாள் மாறும். சாதாரண வரைபடத் தாளில் மை ஊறிப் பின்பக்கம் வரை இறங்கிவிடும் என்பதால், வழவழப்பான மார்க்கர் தாளில் ஓரத்துண்டு ஒன்றில் சோதித்துப் பார்த்தே தொடங்குவேன்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் சன்னலைத் திறந்து வைத்து வரைந்தால், வெப்பத்திலும் காற்றிலும் ஆல்கஹால் விரைந்து ஆவியாகி, மார்பில் கலப்பு முடியுமுன்னே பட்டை பட்டையாகக் காய்ந்துவிடும். மார்புப் பகுதிக்கு மட்டும் சன்னலையும் மின்விசிறியையும் அடைத்து வைத்து, சிறகுக்கு வரும்போது இரண்டையும் திறந்துவிடுவது என் வழக்கம். அங்கே விரைவாகக் காய்வதே நமக்கு வேண்டியது.

வால், கால் இவற்றில் அதிகச் சிக்கல் இல்லை. வாலின் நடு இறகுகள் மங்கிய பச்சை என்பதை மறந்து முழுவதையும் நீலமாக்கிவிடாமல் இருந்தால் சரி. கண்ணைச் சுற்றியுள்ள மங்கிய ஆரஞ்சு நிறத் தோலைச் சிறிதாகவேனும் வைத்தாக வேண்டும், ஏனெனில் படத்திலுள்ள அத்தனை நீலமும் அந்தச் சிறு ஆரஞ்சின் அருகில்தான் கூர்மை பெறுகிறது. தொண்டைக் கீற்றுகளை வெள்ளை ஜெல் பேனாவால், எல்லாம் காய்ந்த பின் இடலாம்.

முடித்த படத்தைச் சுவரில் மாட்ட நான் விரும்புவதில்லை. இறகின் நீலம் அமைப்பால் வருவது, எளிதில் வெளுக்காது. மார்க்கரின் சாயமோ வெயில் வெளிச்சத்தில் மங்கிவிடும். ஆதலால் வரைந்த உடனே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, மூலப்படத்தை வெளிச்சம் புகாத கோப்பில் வைக்கிறேன். அச்சிடும்போது அந்த வெளிர்நீலம் திரையில் தெரிவதைவிட மந்தமாகவே வரும் என்பதால், நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டுமானால் அச்சுப்படியைத் தவிர்த்து இன்னொரு படத்தைக் கையாலேயே வரைந்து கொடுக்கிறேன்.