“இல்லைம்மா” என்று சொல்லிவிட்டேன்

யோசிக்காமல் சொன்னேன் என்று சொல்ல முடியாது. ஒரு நொடி யோசித்தேன். ஆனால் யோசித்தது அந்த அம்மாவைப் பற்றித்தான், அவர் கேட்ட கேள்வியைப் பற்றி அல்ல.

கணவருக்கு நுரையீரல் புற்றுநோய். பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. பயாப்சி முடிவு, மரபணுப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் பேசி முடித்து, அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தார். மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை.

“மெயின் ரோட்டு மேல இருக்கிற அந்த வீட்டை நான்தான் பிடிவாதம் பிடிச்சு வாங்க வெச்சேன் டாக்டர். 22 வருஷமா லாரிப் புகை. அதனாலதானா?”

“இல்லைம்மா. அப்படியெல்லாம் நினைக்காதீங்க.”

கையில் கசக்கி வைத்திருந்த கைக்குட்டையைப் பிரித்து முகம் துடைத்துக்கொண்டார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

டீசல் புகையை 2012இலும், வெளிக்காற்று மாசை அடுத்த ஆண்டும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பிரிவு அது. இதை மாணவர்களுக்கு நானே வகுப்பெடுக்கிறேன். ஆனால் அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. ஒரு கனமீட்டர் காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 8, 9 சதவீதம் கூடுகிறது. புகைபிடிப்பவருக்கோ 15 முதல் 30 மடங்கு. லட்சக்கணக்கான பேரை வைத்துப் போட்ட கணக்கைக் கொண்டு, ஒரே ஒருவரைக் காட்டி ‘இது ரோட்டால் வந்தது’ என்று எப்படிச் சொல்வது? ‘ஆமாம்’ என்பதைவிட ‘இல்லை’தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது என்று அன்று மதியம் கூட வேலை செய்பவரிடம் வாதாடினேன்.

“அப்போ ‘தெரியாது’ன்னு சொல்லியிருக்கலாமே?” என்றார். அவருக்கென்ன, அவர் ஸ்கேன் படம் பார்ப்பவர். யாரும் அவர் எதிரே உட்கார்ந்து கைக்குட்டையைக் கசக்குவதில்லை.

சரி, என் கணக்கிலும் ஓட்டை உண்டு. 2023இல் வந்த ஆய்வு ஒன்று நினைவில் உறுத்துகிறது. வயதாக ஆக, நல்ல நுரையீரலிலும் சில செல்களில் மரபணுப் பிழைகள் சேர்கின்றன. பெரும்பாலும் அவை சும்மா கிடக்கும். நுண்துகள் உள்ளே போய் அழற்சியைக் கிளப்பும்போது, பிழையுள்ள செல்கள் கட்டியாக வளரத் தொடங்கலாம் என்கிறது அந்த ஆய்வு. அதில் முக்கியமாகப் பார்த்த பிழை ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் வருவது. அந்த அம்மா கேட்டபோது மேசைமேல் கிடந்த அறிக்கையிலும் அதே பெயர்தான் இருந்தது. அது மட்டும் எதையும் நிரூபிக்காது. புகைபிடிக்காதவர்களிடம் அடிக்கடி காணும் பிழைதான். இருந்தாலும் ‘இல்லை’ என்று அடித்துச் சொல்ல எனக்கு என்ன இருந்தது?

குற்றவுணர்ச்சியோடு ஒருவர் வீடு திரும்ப வேண்டாம் என்று நினைத்தேன். அது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை.

நான்கு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, கட்டி சுருங்கியிருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னார்: “பையன் குடும்பத்தோட நம்ம வீட்டு மாடிக்கே வந்துட்டான் டாக்டர். கைக்குழந்தை வேற. மருமகதான் புகைன்னு தயங்கினா. டாக்டரே அதெல்லாம் காரணம் இல்லன்னுட்டாருன்னு நான் சொன்னப்புறம்தான் சம்மதிச்சா.”

அப்போது சொல்லியிருக்கலாம். கணவரும் பக்கத்திலேயே நின்றார். அவர் காதில் அது எப்படி விழும் என்று நினைத்தேன். அப்புறம், “ரோட்டுப் பக்கத்து ஜன்னலை மட்டும் மூடியே வைங்கம்மா” என்றேன்.

“ஏன் டாக்டர்?”

“தூசி வரும்ல, அதான்.”