ஒரு போல்ட்டுக்காக ஐந்து நாள்: டிரக்கில் ஷாக் மாற்றிய கதை

சனிக்கிழமை காலை ஆரம்பித்தால் சாயங்கால டீக்குள் முடித்துவிடலாம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். டிரக் மறுபடி நான்கு சக்கரத்தில் நின்றது புதன்கிழமை ராத்திரி.

நாங்கள் இருப்பது மிச்சிகனில். வண்டி பத்து வயது தாண்டிய, நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 பிக்கப், வேலை முக்கால்வாசி கேம்பர் டிரெய்லர் இழுப்பது. டிரெய்லர் 5,000 பவுண்டு, அதில் வண்டியின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச்சில் அமர்வது 600. போன கோடையில் மெக்கினா பாலம் வழியாக வடக்கே போனபோது, ரோட்டில் சின்ன மேடு வந்தாலும் வண்டி தலையாட்டி பொம்மை மாதிரி மூன்று நான்கு தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கியது. ஒர்க்‌ஷாப்பில் இந்த ஆட்டத்தை அடக்க வேண்டிய ஷாக் நான்கையும் மாற்ற 1,400 டாலர் கேட்டார்கள். நாமே செய்தால் என்ன என்ற புத்தி அங்கே வந்ததுதான்.

முதல் அடி பார்சலில். 4x4 என்று தெளிவாகத் தேர்ந்தெடுத்துத்தான் ஆர்டர் போட்டேன், பெட்டியின் மேலும் அப்படித்தான் எழுதியிருந்தது, உள்ளே இருந்ததோ டூ-வீல் டிரைவ் மாடலின் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கோடு சேர்ந்த முன்பக்க ஷாக். வண்டியில் இருப்பதன் பக்கத்தில் வைத்தால் உயரமே வேறு. திருப்பி அனுப்பி மாற்றி வாங்க ஒரு வாரம் போயிற்று. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே பிரித்துப் பார்த்தேன், அந்த மட்டுக்கும் பிழைத்தேன்.

முன்பக்கம் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பூட்டி வரும் முழு ஸ்ட்ரட்டாக வாங்கியிருந்தேன், விலை கூடத்தான். ஆனால் பழைய ஸ்பிரிங்கையே மாற்றிப் பூட்டுவதென்றால் அதை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அதைக் கடையில் முன்பணம் கட்டி இரவல் வாங்கி, அமுங்கிய ஸ்பிரிங்கின் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு வேலை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேலே சுற்றியுள்ள மூன்று நட்டை மட்டும் கழற்றுங்கள், நடுவில் இருக்கும் பெரிய நட்டின் மேல் கையே வைக்காதீர்கள். ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். மேல் மூட்டான பால் ஜாயிண்ட் விட்டதும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்புத் துண்டு வெளியே சாயும், பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள்.

எளிது என்று நினைத்த பின்பக்கம்தான் கழுத்தை அறுத்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டே போல்ட். வலது பக்கம் இருபது நிமிஷம். இடது பக்கக் கீழ் போல்ட்டில் நட் கழன்று வந்துவிட்டது, போல்ட் மட்டும் ஷாக்கின் முனையில் உள்ள ரப்பர் வளையமான புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பின் உபயம். திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி பழைய இடத்துக்கே வருகிறது. எண்ணெய் அடித்தேன், சூடு காட்டினேன், சுத்தியலால் அடித்தேன். கடைசியில் ஞாயிறு சாயங்காலம் மல்லாக்கப் படுத்து, துருத்தூள் கழுத்துக்குள் கொட்ட, ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்தேன்.

வெற்றிதான். ஆனால் மாற்று போல்ட் இல்லை! ஹார்டுவேர் கடையில் அந்த நீளத்தில் கிடைத்தது தரம் குறைந்தது. டிரெய்லர் இழுக்கும் வண்டியில் அதைப் போட மனசு வரவில்லை. திங்கட்கிழமை டீலர் கவுண்டரில் இருந்தவர் வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரைத் தட்டிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "புதன்கிழமை வரும்" என்றார். அதுவரை மனைவியின் காரில் ஆபீஸ், வழி நெடுக அந்த 1,400 டாலர் பேச்சு. ஷாக் ஆர்டர் போடும்போதே போல்ட், நட்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பின் ஷாக்கைக் கழற்றும் முன் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள், இல்லையென்றால் அது கீழே தொங்கிவிடும். புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழுசாக முறுக்க வேண்டும், அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும். வீல் நட்டுக்கு என் வண்டிக் கையேட்டில் சொல்லும் முறுக்கு 150 அடி-பவுண்டு. நூறு மைல் ஓடியதும் மறுபடி சரிபார்த்தேன், ஒன்று லேசாக இளகித்தான் இருந்தது. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட்டுக்குத் தனியாக ஒரு நாள்.

ஆட்டம் இப்போது ஒரே தடவையில் அடங்குகிறது. டிரெய்லரை மாட்டினால் பின்பக்கம் முன்பு போலவே அமுங்குகிறது, ஏனென்றால் அங்கே எடையைத் தாங்குவது இரும்புப் பட்டை அடுக்கான லீஃப் ஸ்பிரிங், ஷாக் இல்லை. "இவ்வளவு பண்ணியும் இறங்கித்தானே நிற்குது?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லாமல் கழற்றிப் போட்ட பழைய ஷாக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஒரு கையால் அமுக்கினாள், பாதி தூரம் சும்மா இறங்கியது.