அக்கா மகளுக்கு பொறியியல் கலந்தாய்வு: மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து வீட்டில் கட்-ஆஃப் பேச்சுதான். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்கு எவ்வளவு என்று ஆளாளுக்குக் கூட்டிப் பார்த்தார்கள். வந்த மார்க்கை எத்தனை முறை கூட்டினாலும் ஏறப்போவதில்லை. அதற்குப் பிறகும் நம் கையில் இருப்பது சான்றிதழ்களும், எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வரிசையாக எழுதிக் கொடுக்கும் சாய்ஸ் பட்டியலும்தான்.

சான்றிதழ் வேலையை ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டோம். மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை, வந்துவிட்டால் விஏஓ, ஆர்ஐ எல்லோரும் தாலுகா ஆபீஸில்தான் இருப்பார்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பை நம்பி குறுவைக்கு நாற்றங்கால் விடும் நேரமும் அதுதான்; மச்சானைக் கையெழுத்துக்குப் பிடிப்பதே பெரும்பாடு. குடும்ப அட்டையில் மச்சான் பெயர் ஒரு மாதிரி, பாப்பாவின் பள்ளிப் பதிவில் வேறு மாதிரி இருந்தது. அதைச் சரி செய்த பிறகே இ-சேவையில் விண்ணப்பித்தோம்.

பாப்பா படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி அதில் சேராது. அதனால் குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் முதல் பட்டதாரி சான்றிதழ்தான் எங்களுக்கு முக்கியம். "மாமன் பி.காம். படிச்சிருக்கானே, எப்படிக் கொடுப்பாங்க?" என்று தெருவில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்களில் பட்டதாரி இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். என் பி.காம். யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. இந்தச் சலுகை கலந்தாய்வில் சேர்ந்தால்தான் கிடைக்கும், நிர்வாக ஒதுக்கீட்டில் கிடையாது.

இதற்கிடையில் ஒரு கன்சல்டன்சிக்காரர் வீட்டுக்கே வந்தார். கவுன்சலிங் எல்லாம் அலைச்சல், ஒரிஜினலைக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அக்கா மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒரிஜினலை வெளி ஆள் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திரும்ப வாங்க அலைகிறவர்களை இங்கே ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

உண்மையான சண்டை சாய்ஸ் பட்டியலில்தான். "கிடைக்காத காலேஜை மேலே போட்டு இடத்தை வீணாக்காதீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படி எதுவும் வீணாகாது. தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, இடம் இருக்கிற முதல் சாய்ஸைக் கணினி ஒதுக்குகிறது. மேலே இருப்பது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் "இதுதான் கிடைக்கும்" என்று பயந்து சுமாரானதை மேலே வைத்துவிட்டால், கீழே இருக்கும் நல்லது காலியாக இருந்தாலும் கணினி அதைப் பார்க்காது. பாப்பாவிடம் திரும்பத் திரும்ப நான் கேட்டது ஒன்றுதான்: "இரண்டுமே கிடைச்சா எதுக்குப் போவே?" அந்த வரிசையிலேயே எழுதினோம்.

அவளுக்கு எங்கே ஆனாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். அக்காவுக்கு எந்தப் படிப்பானாலும் அரசுக் கல்லூரி வேண்டும், பஸ் வசதி வேண்டும். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தக் கட்-ஆஃப் வரை இடம் போனது என்பதை எங்கள் இடஒதுக்கீட்டு வகுப்புக்கு மட்டும் நோட்டில் எழுதிவைத்து ராத்திரி ராத்திரியாகப் பேசினோம். கடைசியில் தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட அரசுக் கல்லூரியின் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) மேல் என்று அவளே ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்பதைவிட, கட்டண விவரத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள் என்பதே சரி.

முதலில் ஒதுக்கீடானது பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி. அதை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள சாய்ஸுக்கும் காத்திருக்கிறோம் என்று கொடுத்தோம். இதை உறுதி செய்யக் குறுகிய அவகாசம்தான் தருவார்கள், அந்த நாட்களில் ஓடிபி வரும் போனை யாரும் வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது. மேல்நோக்கிய ஒதுக்கீட்டில் செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்தது. தஞ்சாவூரில் அத்தை வீடு இருக்கிறது, அங்கிருந்து திருச்சி ரோட்டு பஸ்ஸில் போய்வருகிறாள். சேரும்போது டிசியையும் மதிப்பெண் சான்றிதழையும் கல்லூரியில் வாங்கிக்கொண்டார்கள். ஸ்காலர்ஷிப்புக்கு மறுபடி கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் முன்பே ஸ்கேன் செய்து, நகலும் எடுத்து வைத்திருந்தோம்.