வரி நோட்டு யார் கையில்?

சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரி எழுதும் நீள நோட்டு முன்பெல்லாம் பொருளாளர் வீட்டுப் பரணில் கிடக்கும். பொருளாளர் மாறினால் நோட்டும் பெட்டிச் சாவியும் கைமாறும். இப்போது திருநெல்வேலிப் பக்கம் பல ஊர்களில் வரிக்கணக்கு கூகுள் ஷீட்டில் இருக்கிறது. வில்லுப்பாட்டுக்கும் நையாண்டி மேளத்துக்கும் முன்பணம் பேசியது வாட்ஸாப்பில். படங்கள் கூகுள் போட்டோஸில். சாவி யாரிடம் என்று கேட்டால்தான் ஆளாளுக்கு முகத்தைப் பார்க்கிறார்கள்.

இவற்றை எடுத்துப் புது ஆள் கையில் கொடுக்கச் சட்டத்தை ரொம்ப நம்ப வேண்டாம். ஒருவர் தன் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து வாங்கி இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் உரிமை ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் இருக்கிறது. நம் நாட்டில் 2019 மசோதாவில் அது இருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. செல்போன் நம்பரை 2011 ஜனவரி 20 முதல் நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்றிக்கொள்கிறோம். அந்த நம்பரில் வந்து சேர்ந்த பேச்சுக்கும் படத்துக்கும் அப்படி ஒரு வசதியை இங்கே யாரும் கட்டாயமாக்கவில்லை. நிறுவனங்கள் வைத்திருக்கும் ஏற்றுமதிப் பொத்தான்களை வைத்துத்தான் காரியம் பார்க்க வேண்டும்.

முதலில் ஷீட். அதை உருவாக்கிய ஜிமெயில் கணக்குதான் உரிமையாளர். மற்ற எல்லாரும் எழுத அனுமதி பெற்றவர்கள், அவ்வளவே. கொடைக்கென்றே தனி ஜிமெயில் திறந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2 வருஷம் யாரும் நுழையாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு கொடை என்று வைத்திருக்கும் ஊர் இதில் நேராகப் போய் மாட்டும். ஷீட்டின் பகிர்வுப் பெட்டியில் புதுப் பொருளாளர் பெயருக்கு நேரே உரிமை மாற்றத்தைக் கொடுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால்தான் மாறும். எக்செல்லாக இறக்கினால் தொகைகள் எல்லாம் வரும். யார் என்றைக்கு எந்தத் தொகையைத் திருத்தினார் என்ற வரலாறு வராது. கணக்கு வாசிக்கிற அன்று சண்டை கிளம்புவது அந்த இடத்தில்தான் என்பதால், வசூல் முடிந்த நாளில் ஒரு பிரதி, கணக்கு வாசித்த நாளில் ஒரு பிரதி என்று தேதி போட்டு இறக்கிவையுங்கள்.

வரிதாரர் நம்பர்களை சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக, எடுப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: இறக்கிய கோப்பை இரண்டு தட்டு தட்டி எக்செல்லில் திறப்பது. தமிழ்ப் பெயர்கள் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியுமாகக் கலங்கிப்போகும். 91 சேர்த்த 12 இலக்க நம்பர் 9.19, ‘ஈ’, கூட்டல் குறி, 11 என்று சுருங்கும். அந்த நிலையில் மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கியதுதான் பதிவாகும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். எக்செல்லை வெறுமையாகத் திறந்து, தரவு மெனுவில் உரைக் கோப்பை இறக்குமதி செய்து, குறியாக்கத்தில் 65001 யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, நம்பர் பத்தியை ‘உரை’ என்று மாற்றியபின் ஏற்றினால் இரண்டும் தப்பும். பழைய போனிலிருந்து எடுத்த விசிஎஃப் என்ற தொடர்பு எண் கோப்பில் பெயர்களுக்குப் பதில் சமக்குறியும் எழுத்தும் எண்ணுமாக நிரம்பி வழிந்தால் பயப்பட வேண்டாம். அது விசிஎஃப்பின் பழைய 2.1 பதிப்பு எழுதும் முறை. கூகுள் கான்டாக்ட்ஸில் ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தமிழாகத் திரும்பிவிடும்.

வாட்ஸாப்பில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்தால் படங்களோடு கடைசி 10,000 செய்திகள், படமில்லாமல் 40,000. அதற்கு முந்தியது வராது, அதனால் கொடைக்குக் கொடை எடுத்துவைப்பது நல்லது. எடுப்பவர் போனில் சேமித்த பெயர்தான் கோப்பில் விழும்; சேமிக்காதவர் வெறும் நம்பர். எந்தச் செய்திக்கு யார் பதில் சொன்னார் என்ற இணைப்பு கழன்றுவிடும். ‘சரி, குடுத்துருங்க’ என்று ஒரு வரி கிடக்கும், எதற்குச் சரி என்று தெரியாது. போனில் இடம் போதவில்லை என்று அழித்த படங்களும் வராது. குழுவில் ‘அட்வான்ஸ்டு சாட் பிரைவசி’ இயங்கினால் ஏற்றுமதியே நடக்காது, முதலில் அதை அணைக்க வேண்டும். இப்படி எடுத்த கோப்பைத் திரும்ப வாட்ஸாப்புக்குள் ஏற்ற வழியில்லை. படித்துப் பார்க்க மட்டும்தான்.

படங்கள்தான் பெரிய வேலை. நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு போட்டோஸை மட்டும் குறியுங்கள். ஜிப் கோப்பின் அளவு 1, 2, 4, 10, 50 ஜிபி என்று கேட்கும். நெட் அடிக்கடி அறுந்துபோகும் ஊரில் 2 ஜிபிதான் சரி. இறக்கும் இணைப்பு ஏறக்குறைய 7 நாளில் செத்துப்போகும். துண்டுகளை ஒவ்வொன்றாகத் தனி அடைவில் (ஃபோல்டரில்) பிரிக்காதீர்கள். படம் ஒரு துண்டிலும் அதன் விவரக் கோப்பு வேறு துண்டிலும் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே அடைவுக்குள் பிரியுங்கள்.

அந்த விவரக் கோப்பு ஜேசன் என்ற உரை வடிவில் இருக்கும், அநாவசியம் என்று அழிப்பவர்கள் நிறையப் பேர். வாட்ஸாப் வழியாக வந்த படத்துக்குள் எடுத்த தேதியே இருக்காது. நீங்கள் போட்டோஸில் உட்கார்ந்து திருத்திய தேதியும் எழுதிய விளக்கமும் ஜேசனில்தான் இருக்கின்றன. எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலால் அவற்றைப் படத்துக்குள் திரும்ப எழுதலாம். ஜேசனில் உள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐந்தரை மணி நேரம் கூட்டாமல் எழுதினால், செவ்வாய் நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு எடுத்த சாமக்கொடை (நள்ளிரவுப் பூசை) படம் செவ்வாய் இரவு ஏழரை என்று உட்கார்ந்து வில்லுப்பாட்டுக்கு முன்னால் போய் நிற்கும்.

ஃபேஸ்புக்கில் ஊர் பெயரில் பக்கம் (பேஜ்) வைத்திருப்பவர்கள் வாசிக்க எச்டிஎம்எல், வேறிடம் கொண்டுபோக ஜேசன் என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஜேசனில் தமிழ் முழுக்க உடைந்திருக்கும். பைட்டுகளைத் தனித்தனி எழுத்தாக எழுதிவிடுகிறார்கள். லத்தீன்-1 என்ற பழைய எழுத்துக்குறி முறையில் குறியாக்கி யுடிஎஃப்-8 ஆகப் படித்தால் சரியாகும், பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி. இன்ஸ்டாகிராமில் பாய் விற்கும் பத்தமடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பின்தொடர்பவர் பட்டியலை இறக்கினால் பயனர் பெயர்தான் வரும், நம்பர் வராது. ஆர்டர் எடுக்கும்போதே சம்மதம் கேட்டு நம்பரை எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

எடுத்ததை வேறொருவர் கணினியில் திறந்து பார்க்காமல் மூலத்தை அழிக்க வேண்டாம். ஷீட்டின் வரிசை எண்ணிக்கை தலைக்கட்டு எண்ணிக்கையோடு ஒக்கிறதா, ஒரு தமிழ்ப் பெயரைத் தேடினால் அகப்படுகிறதா, சாமக்கொடைப் படம் சரியான நாளில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு பென்டிரைவ்: ஒன்று பொருளாளரிடம், இன்னொன்று கோயில் பெட்டியில் பழைய நோட்டோடு.