புரியவில்லையா, ஒலி பிந்துகிறதா?

கதையை விட்டுவிட்டு இசையின் போக்கில் கனவாக நகரும் படங்களுக்கு "ஒண்ணுமே ஒட்டலை" என்ற விமர்சனம்தான் அதிகம். அதில் பாதி நியாயம், அது ரசனை. மீதிக்கு ஒலியைச் சோதியுங்கள்.

இசையில் நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு என்றால், நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் 12 பிரேமுக்கு ஒரு தட்டு. படத்தொகுப்பாளர் வெட்டுவது அந்தத் தட்டில். புளூடூத் ஹெட்போனில் ஒலி 200 மில்லிசெகண்ட் பிந்தினால் கிட்டத்தட்ட 5 பிரேம் போச்சு! வசனப் படத்தில் உதடு காட்டிக்கொடுக்கும். இங்கே பேசும் முகமே இருக்காது, அதனால் பழியெல்லாம் இயக்குநர் தலையில் விழுகிறது.

வயர் ஹெட்போன் போதும். விண்டோஸ் கணினியில் விஎல்சி வீடியோ பிளேயர் என்றால், ஜே (J) விசை ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒலியை 50 மில்லிசெகண்ட் முன்னே இழுக்கும். டிவியில் நைட் மோடையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மெல்லிய இடமும் வெடிக்கும் இடமும் கிட்டத்தட்ட ஒரே சத்தமாகிவிடும்.